பேஸ் ஆம்ப்ளிஃபயரும் நான் அறுத்த எர்த் வயரும்

போன மாதம் பிள்ளையார்குப்பம் பக்கம் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தேன். மேடையில் பேஸ் கிடார் வாசித்த தம்பி, பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்றை எங்கிருந்தோ தேடிப் பிடித்து வாங்கி வைத்திருந்தார். பழக்கதோஷம், பின்பக்கம் குனிந்து பார்த்தேன். ப்ளக்கில் மூன்றாவது முள்ளைக் காணோம். கேட்டதற்கு, இரைச்சல் வந்ததால் பிடுங்கிவிட்டோம் என்றார். பந்தியில் என் இலைக்கு வைத்த பாயசம் ஆறிப்போகும்வரை அவரோடு பேசிக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர், இதையெல்லாம் ஒரு நாலு வரி எழுதிக் கொடுத்தால் நன்றாக இருக்கும் என்றார். நாலு வரியில் எழுத முடியும். ஒரு தடவை எழுதியும் இருக்கிறேன். அது என் கையெழுத்திலேயே எனக்குப் பிடிக்காத எழுத்து. அதனால் இந்த முறை கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

என் பெயர் கோதண்டம். வில்லியனூரில் ஒரு மெல்லிசைக் குழுவில் இருபத்திரண்டு வருடம் ஆம்ப்ளிஃபயர் பார்த்தேன். எனக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. ஆனால் நான் கை வைக்காமல் அங்கே எந்த வாத்தியமும் வாசிக்காது. அதற்கு முன்னால் கடைத்தெருவில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் நான்கு வருடம் இருந்தேன். ரேடியோ வைத்திருப்பவர்கள் தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டிய காலம் அது. சாலிடரிங் பிடிக்கக் கற்றுக்கொண்டேன், நாலைந்து தடவை ஷாக் அடித்தது, ஒரு தடவை வாசல்வரை போய் விழுந்தேன். என் படிப்பு அவ்வளவுதான்.

குழுவை நடத்தியவர் அருளப்பன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களை எங்கள் பக்கத்தில் சொல்தா என்பார்கள். இவரையும் ஊரே சொல்தா என்றுதான் கூப்பிட்டது. பட்டாளத்தில் ரேடியோப் பிரிவில் இருந்தவர். மற்ற சொல்தாக்கள் ஊர் திரும்பும்போது கைக்கடிகாரம், சென்ட், கம்பளிக் கோட்டு என்று கொண்டு வருவார்கள். இவர் ஒரு மரப்பெட்டியில் பேஸ் கிடார் ஒன்றும் அதற்கு வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்றும் கொண்டு வந்தார். அப்போது வில்லியனூர் வட்டாரத்தில் பேஸ் கிடார் வாசிக்க ஒரு ஆள் கிடையாது. பொருள் முதலில், ஆள் பிறகு என்பது அவர் கணக்கு.

சொல்தா கத்த மாட்டார். கோபம் வந்தால் அவர் குரல் இறங்கும். இன்னும் கோபம் வந்தால் இன்னும் இறங்கும். ஒரு கட்டத்துக்கு மேல் உதடு மட்டும்தான் அசையும், என்ன சொல்கிறார், யாரைச் சொல்கிறார் என்பதை நாமே யூகித்துக்கொள்ள வேண்டும். எல்லோரையும் பிரெஞ்சில் ஐயா என்று பொருள்படும் 'முசே' போட்டுத்தான் கூப்பிடுவார். தபேலாக்காரரும் முசே, சாமான் ஏற்றும் வண்டிக்காரரும் முசே. நிகழ்ச்சிக்கு முன்னால் எங்களை வரிசையில் நிறுத்தி ஷூவைப் பார்ப்பார். சுருதி விலகினால் மன்னித்துவிடுவார். பாலிஷ் போடாத ஷூவை மன்னித்து நான் பார்த்ததில்லை.

அந்த ஆம்ப்ளிஃபயர் ஒரு ஆள் தூக்குகிற எடையில்லை. உள்ளே நான்கு பெரிய பவர் வால்வு, மூன்று சின்ன வால்வு, செங்கல் அளவுக்கு இரண்டு டிரான்ஸ்ஃபார்மர். பின்பக்க மூடியின் உள்ளே சொல்தா தன் கையால் எழுதிய அட்டை ஒன்று ஒட்டியிருந்தது. அதில் இருந்த வரிசையை மாற்றிச் செய்ய எங்களுக்கு உரிமை கிடையாது.

முதல் வேலை எர்த். போகிற ஊரில் மூன்று துளை ப்ளக் பாயிண்ட் இருக்கும். மூன்றாவது துளைக்குப் பின்னால் வயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் இருக்காது, அது அழகுக்கு வைத்த துளை. அதனால் நாலடி இரும்புக் குழாய், சம்மட்டி, கொஞ்சம் கரி, ஒரு படி உப்பு, இவற்றை எப்போதும் கூடவே எடுத்துப் போவோம். ஈரமான இடமாகப் பார்த்துக் குழாயை அடித்து இறக்கி, சுற்றிக் கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றி, அதிலிருந்து வயரை ஆம்ப்ளிஃபயருக்குக் கொண்டு வர வேண்டும். அடுத்தது ஸ்பீக்கர் வயர். ஸ்பீக்கரை மாட்டாமல் வால்வு ஆம்ப்ளிஃபயரை ஓட்டினால், தண்ணீர் இல்லாமல் ஓடிய பம்புசெட் கதிதான், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகும். பிறகு வால்யூமைச் சுழியத்தில் வைக்க வேண்டும். பிறகு சொல்தா பட்டாளத்துப் பிரெஞ்சில் 'அத்தான்சியோன்', கவனம், என்பார். உடனே எல்லோரும் சாமானிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். அதன்பிறகுதான் மெயின் ஸ்விட்ச். வால்வுகள் உள்ளே சிவக்க இரண்டு நிமிடம் ஆகும், அதுவரை யாரும் பேசக் கூடாது. அப்புறம் இரண்டாவது ஸ்விட்ச். நிகழ்ச்சி முடிந்து அணைத்தாலும் இருபது நிமிடம் தூக்கக் கூடாது. சூடான வால்வு வண்டியில் குலுங்கினால் உள்ளிருக்கும் கம்பி அறுந்துவிடும். அந்த இருபது நிமிடத்தில் எங்கள் வண்டிக்காரர் இரண்டு டீ குடிப்பார்.

உள்ளே கை வைக்கிற வேலை தனி. ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சர்கள் நானூறு வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கும். ஒரு ரெசிஸ்டரை நல்ல உறை போட்ட வயரில் கட்டி, ஒரு முனையைச் சேஸிஸ் என்கிற உலோகச் சட்டத்தில் மாட்டி, மறுமுனையால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பிடித்து இறக்க வேண்டும். மீட்டர் சுழியம் காட்டிய பிறகுதான் விரல் போகலாம். அப்போதும் இடது கை கால்சட்டைப் பாக்கெட்டில் இருக்க வேண்டும். ஒரு கையால் தொட்டால் அந்தக் கையோடு போகும், இரண்டு கையாலும் தொட்டால் கரண்ட் நெஞ்சைக் கடந்து போகும் என்பது அவர் சொன்ன காரணம். நான் அப்போது வேட்டி கட்டுகிறவன். பாக்கெட் இல்லை என்றேன். சொல்தா என்னை மறுநாளே தையல் கடைக்கு அழைத்துப் போனார். கல்யாணத்துக்குக்கூடப் பேண்ட் போடாத நான் கண்டென்சருக்காகப் போட்டேன்.

ஆயுத பூஜை அன்று ஒரு விபரீதம் நடந்தது. நான் பொரி வாங்கப் போயிருந்தேன். தபேலா கலியபெருமாள் எல்லா வாத்தியத்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபயருக்கு வெளியே மட்டும் வைத்தால் போதாது என்று பின்மூடியைக் கழற்றி, ஏழு வால்வுக்கும் தனித்தனியாகப் பொட்டு வைத்துவிட்டார். சும்மா இல்லை, அழகாக, நெற்றி எந்தப் பக்கம் என்று யோசித்து வைத்திருந்தார். சொல்தா வந்து பார்த்தார். அவர் உதடு மட்டும் அசைந்தது. நானும் அவரும் பஞ்சும் ஸ்பிரிட்டும் வைத்துத் துடைத்தோம். ஆனால் ஒரு சொட்டுச் சந்தனம் வழிந்து ஒரு வால்வின் சாக்கெட்டுக்குள் இறங்கியிருந்தது, அது எங்கள் கண்ணில் படவில்லை. அடுத்த வாரம் கரையாம்புத்தூரில் ஒரு கல்யாணத்தில் அது உள்ளே பொறி தட்டிப் புகைந்தது. பெண் வீட்டார் வந்து, வாசனை நன்றாக இருக்கிறது, என்ன ஊதுபத்தி என்று கேட்டார்கள். அட்டையில் ஒரு வரி கூடியது: உள்ளே பொட்டு வைக்கக் கூடாது.

பேஸ் கிடாருக்கு ஆள் கிடைத்ததும் அப்படி ஒரு கல்யாணத்தில்தான். வந்த ஆள் ஏழுமலை, ஊர் அபிஷேகப்பாக்கம். குடும்பமே நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள். சொல்தாவே அப்போது அந்தக் கிடாரைத் தட்டுத்தடுமாறி வாசித்துக்கொண்டிருந்தார். ஏழுமலை பந்திக்குப் போகாமல் ஸ்பீக்கர் துணியின்மேல் உள்ளங்கையை வைத்தபடி கடைசிவரை உட்கார்ந்திருந்தான். இறங்கி வந்த சொல்தா அவனை மறுநாள் வில்லியனூருக்கு வரச் சொன்னார். இரண்டு வருடத்தில் அவன் வாசிப்பைக் கேட்கவே ஆட்கள் வந்தார்கள். மேடைக்காக முடியைத் தோள்வரை வளர்த்தான். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. ஒரே சைக்கிளில் போவோம், ஒரே பீடியைப் பாதி பாதி இழுப்போம். கூடப் பிறந்தவனிடம் சொல்லாததையும் அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. அது ஒரு மாதா கோயில் திருவிழாவில் நடந்தது. அன்று சொல்தா ஏதோ காகிதம் விஷயமாகப் புதுச்சேரி டவுனுக்குப் போயிருந்தார். எங்கள் ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு எர்த், உள்ளூர் மைக் செட்டுக்கு இன்னொரு எர்த். இப்படி இருந்தால் இரண்டுக்கும் நடுவில் ஒரு 'ம்ம்ம்' கிளம்பும். பாடுகிறவர் திரும்பித் திரும்பி என்னையே பார்த்தார். விழாக் கமிட்டிக்காரர்களும் பார்த்தார்கள். நான் பின்மூடியைக் கழற்றி, கண்டென்சர்களை முறைப்படி இறக்கி, இடது கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, சேஸிஸுக்குப் போகும் எர்த் வயரைக் கட்டிங் பிளேயரால் அறுத்து, முனையில் டேப் சுற்றினேன். இரைச்சல் நின்றது. கமிட்டிக்காரர் ஒருவர் எனக்கு சோடா வாங்கிக் கொடுத்தார்.

நாளைக்குச் சேர்த்துவிடலாம் என்று நினைத்தேன். நாளை வந்தது, போனது. அடுத்து ஐந்து நிகழ்ச்சிகள் நடந்தன. ஐந்திலும் குழாய் அடித்தேன், கரி போட்டேன், உப்புத் தண்ணீர் ஊற்றினேன், வயரை இழுத்து வந்து மாட்டினேன். சொல்தா பார்த்துத் தலையசைத்தார். அந்த வயர் உள்ளே போய் ஒரு சுற்று டேப்பில் முடிந்திருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஐந்தும் பலகை மேடை, எல்லோர் காலிலும் பாலிஷ் போட்ட ஷூ.

ஆறாவது, பாகூருக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் அம்மன் கோயில், ஆடி முதல் வெள்ளி. ஊர்ப் பெயர் வேண்டாம், தப்பு ஊருடையது இல்லை. மேடை கிடையாது, சன்னதிக்கு எதிரே வெறுந்தரைதான். அங்கே ஷூவோடு நிற்க முடியுமா? எல்லோரும் கழற்றினோம், சொல்தாவும் கழற்றினார். புழுதி அடங்க வேண்டும் என்று பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் தெளித்திருந்தார்கள். சாயங்காலம் சவுண்டு பார்க்கும்போது ஏழுமலை கிடாரைத் தொட்டுவிட்டுக் கையை உதறினான்.

"கோதண்டம், கை ஜிவ்வுங்குதுடா."

"புதுக் கம்பிடா, அப்டிதான் இருக்கும்" என்றேன்.

அறுத்த வயர் அப்போது எனக்கு நினைவுக்கு வந்ததா என்றால், வந்தது. ஆனால் கூட்டம் சேர்ந்துவிட்டது. பின்மூடியில் பன்னிரண்டு ஸ்க்ரூ. சொல்தா நாலடி தூரத்தில் நிற்கிறார். இதையெல்லாம் ஒரு நொடியில் நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் புதுக் கம்பி என்று சொன்னேன்.

இரண்டாவது பாட்டில் கோரஸ் வரும். ஏழுமலை பாடுவதற்காக மைக் பக்கம் போய் ஸ்டாண்டை வலது கையால் பிடித்தான். மைக் உள்ளூர் செட்டின் எர்த்தில் இருந்தது. இடது கை கம்பியில் இருந்தது. பிடித்தவன் விடவில்லை. விட முடியவில்லை. உடம்பு உதறியது, பல் கிட்டியது, கண் மேலே போனது, முடி அவிழ்ந்து முகத்தில் விழுந்தது. பாடியதோ அம்மன் பாட்டு, நிற்பதோ ஆடி வெள்ளியில் சன்னதி வாசல். பக்கத்தில் இருந்த பம்பைக்காரர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, எடுத்து வேகமாக அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். பூசாரி கற்பூரத் தட்டோடு வந்து அவன் முகத்துக்கு நேரே நின்றார்.

"யாரு தாயி வந்துகீறது? சொல்லும்மா. இன்னா கொற வச்சோம்?"

பதில் வரவில்லை. யாரோ ஒரு அம்மாள் பக்தியோடு ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை அவன் தலையில் ஊற்றினார். அவன் இன்னும் உதறினான். பம்பை இன்னும் ஏறியது. அந்த நூற்றுக்கணக்கான பேரில் அது என்ன என்று முதலில் தெரிந்தவன் நான், என் கால் தரையை விட்டு எழும்பவில்லை. சொல்தாதான் ஓடினார். ஏழுமலையை நோக்கி ஓடவில்லை, எதிர்த் திசையில் வெறுங்காலோடு ஓடி ப்ளக்கை வயரோடு பிடுங்கினார். ஏழுமலை கிடாரோடு விழுந்தான். பூசாரி குனிந்து, விழுந்தவனிடம் அதே கேள்வியை மறுபடி கேட்டார்.

உயிர் இருந்தது. வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இடது கை விரல்கள் இரண்டில் கம்பி இருந்த இடமெல்லாம் வரிவரியாகக் கருகியிருந்தது. அடுத்த நாளே ஊர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. பெண் குழந்தை பிறந்தபோது அந்த அம்மனுக்கு மொட்டை போடுவதாக ஏழுமலை வேண்டியிருந்தான். மேடைக்கு முடி வேண்டும் என்று இரண்டு வருடமாகத் தள்ளிப்போட்டிருந்தான். ஆத்தா அடித்துவிட்டாள். அவனும் அப்படித்தான் நம்பினான். கட்டுப்போட்ட கையோடு போய் மொட்டை போட்டுக்கொண்டு, இனிமேல் கிடாரைத் தொட மாட்டேன் என்று சொல்தாவுக்குச் சொல்லி அனுப்பினான். நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது என்பதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

மூன்றாம் நாள் சொல்தா ஆம்ப்ளிஃபயரைத் திறந்தார். டார்ச் அடித்தது நான். மெயின் வயருக்கும் சேஸிஸுக்கும் நடுவில் இரைச்சலைக் குறைப்பதற்காக ஒரு சின்னக் கண்டென்சர் வைத்திருப்பார்கள். அது கெட்டுப்போய்க் கரண்டைச் சேஸிஸுக்கும் அதோடு சேர்ந்த கிடார் கம்பிக்கும் விட்டிருந்தது. எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போயிருக்கும், ஃபியூஸ் போயிருக்கும், கதை முடிந்திருக்கும். சொல்தாவின் விரல் அங்கிருந்து நகர்ந்து டேப் சுற்றிய முனையில் நின்றது. டேப்பைச் சுற்றி முடிக்கும்போது, பின்னால் பிரிக்க வசதியாக இருக்கட்டும் என்று கடைசி முனையைக் கொஞ்சம் மடித்து விடுவேன். நல்ல வேலைக்காரன் என்று எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த பழக்கம்.

"இப்டி மடிச்சி வுடற முசே வில்லியனூர்ல ஒருத்தர்தான் கீறாரு" என்றார். குரல் மிகவும் இறங்கியிருந்ததால் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

வேலையை விட்டு நிறுத்துவார் என்று நின்றேன். அவர் தாளும் கார்பனும் கொடுத்து, நடந்ததை மூன்று பிரதியாக அறிக்கை எழுதச் சொன்னார். முதல் அறிக்கை இரண்டு பக்கம் வந்தது. அதில் 'எதிர்பாராத விதமாக' என்பதைக் கோடிட்டுத் திருப்பித் தந்தார். இரண்டாவதில் 'எர்த் வயர் துண்டிக்கப்பட்டிருந்தது' என்று எழுதியிருந்தேன். யாரால் என்று ஓரத்தில் எழுதித் திருப்பினார். மூன்றாவதில் விழாக் கமிட்டியையும் பாடகரையும் சேர்த்திருந்தேன். அவர்கள் கையில் கட்டிங் பிளேயர் இருந்ததா என்று கேட்டார். நான்காவதில் வருத்தம் தெரிவித்திருந்தேன். வருத்தம் பிறகு, விவரம் முதலில் என்றார். ஐந்தாவது இது:

ஆம்ப்ளிஃபயரின் எர்த் வயரை நான் அறுத்தேன். இரைச்சலை நிறுத்த அறுத்தேன். கை ஜிவ்வென்கிறது என்று ஏழுமலை சொன்னபோது எனக்கு அது நினைவுக்கு வந்தது. நான் நிகழ்ச்சியை நிறுத்தவில்லை.

சொல்தா ஒரு பிரதியைக் கோப்பில் வைத்தார். ஒன்றை ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் வைத்தார். மூன்றாவதை என்னிடமே நீட்டி, இது முசே ஏழுமலைக்கு, தபாலில் இல்லை என்றார்.

அபிஷேகப்பாக்கத்துக்குச் சைக்கிளில் தனியாகப் போனேன். ஏழுமலை வாசலில் உட்கார்ந்து வலது கையால் மட்டும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஆய்ந்துகொண்டிருந்தான். மொட்டைத் தலையில் அவனைப் பார்க்க வேறு யாரோ மாதிரி இருந்தது. அவன் மனைவி பூங்காவனம் மோர் கொண்டு வந்து வைத்தாள். குடித்தால் படிக்க முடியாது என்று தோன்றியது. நின்றபடியே தாளைப் பிரித்து நாலு வரியையும் படித்தேன்.

அவன் மல்லாட்டையைக் கீழே வைத்தான்.

"அப்ப ஆத்தா இல்லியா?"

"இல்ல."

"நேத்திக்கடன தள்ளிப்போட்டேன், ஆத்தா அடிச்சா. சரி, அவ அடிச்சதுக்கு ஒரு காரணம் கீது." அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "நீ இன்னாத்துக்குடா அடிச்ச?"

"எரச்சலு வந்துது."

"எரச்சலு" என்றான்.

பூங்காவனம் கதவுப் பக்கம் நின்றிருந்தவள் உள்ளே போய்விட்டாள். அவன் மூன்றாவது வரியை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னான். படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னான். நான் பாதியில் அழுதுவிட்டேன். அவன் ஆறுதல் சொல்லவில்லை. தாளை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, உன்னிடம்தானே சொன்னேன், வேறு யாரிடமாவது சொன்னேனா என்று கேட்டான். திரும்பி வரும் வழியெல்லாம் சைக்கிளை மிதிக்காமல் தள்ளிக்கொண்டே வந்தேன். அவன் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தேன்.

நாங்கள் ஆம்ப்ளிஃபயரைச் சரிசெய்தோம். அந்தக் கண்டென்சரையே எடுத்தெறிந்தோம். பழைய எர்த் வயருக்குப் பதிலாகத் தடித்த வயர் போட்டு, சேஸிஸில் போல்ட் வைத்து முறுக்கினோம். இரைச்சலுக்கு வைத்தியமும் சொல்தா காட்டினார். மைக் செட்டின் எர்த்தையும் எங்கள் எர்த்தையும் ஒரே குழாயில் சேர்க்க வேண்டும். பத்து நிமிட வேலை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். வரவேற்பில் பார்த்த தம்பி இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

ஒரு வாரம் கழித்து ஏழுமலை பஸ் ஏறி வில்லியனூருக்கு வந்தான். உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றுகொண்டான். என்னைப் பார்க்கவில்லை, சொல்தாவிடம் மட்டும் பேசினான்.

"அதே கோயிலு, அதே ஈரம். மொதல்ல அவன் நிக்கணும். ஒரு கையில கம்பி, ஒரு கையில மைக்கு. அப்பறம் நான் வாசிக்கிறேன்."

"மனுசன் மீட்டர் இல்ல, முசே" என்றார் சொல்தா.

"மீட்டரு எனக்குப் படிக்கத் தெரியாதுங்க."

சொல்தா, முதலில் மீட்டர், அடுத்து டெஸ்ட் பல்பு, இரண்டும் சரி என்றால் மட்டும் மூன்றாவதாக ஆள் என்று ஒத்துக்கொண்டார். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. இந்த மூன்றாவது சோதனை பிறகு எங்கள் குழுவில் நிரந்தரமாகிவிட்டது. நான் ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு ஊரிலும் செய்தேன், ஏதோ பிரார்த்தனை என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டார்கள். இப்போது செய்கிறவர்களுக்குச் சொல்கிறேன், மீட்டரும் பல்பும் போதும், மூன்றாவதை யாரும் செய்ய வேண்டாம். அது ஆம்ப்ளிஃபயருக்கான சோதனை இல்லை.

பாதியில் நின்ற கச்சேரியை ஆடி கடைசி வெள்ளிக்கு வைத்துக்கொள்ள ஊரார் சம்மதித்தார்கள். பரிகாரம் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். நாங்கள் நல்ல வெயிலிலேயே போய்விட்டோம். பெண்கள் தண்ணீர் தெளித்தார்கள். ஏழுமலை குடத்தை வாங்கி, நான் நிற்க வேண்டிய இடத்தில் இன்னும் கொஞ்சம் ஊற்றினான். நான் குழாய் அடித்தேன். சொல்தா அட்டை வரிசைப்படி எல்லாவற்றையும் செய்து, ஆம்ப்ளிஃபயரை ஏற்றி, கம்பிக்கும் மைக்குக்கும் நடுவில் மீட்டரை வைத்தார். முள் அசையவில்லை. கம்பிக்கும் ஈரத் தரைக்கும் நடுவில் வைத்தார். அசையவில்லை. டெஸ்ட் பல்பை வைத்தார். எரியவில்லை. எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவிட்டு என்னைப் பார்த்தார்.

சேற்றில் வெறுங்காலோடு போய் நின்றேன். கிடாரை வாங்கி இடது கையால் நான்கு கம்பியையும் சேர்த்து அழுத்தினேன். அன்று காலையில் மட்டும் நானே ஏழு முறை அளந்து பார்த்திருந்தேன். கரண்ட் இல்லை என்பது என் தொழிலுக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. வலது கையை மைக்கை நோக்கி நீட்டினேன். ஒரு சாண் தூரத்தில் கை நின்றுவிட்டது. எவ்வளவு தள்ளியும் அதற்கு மேல் போகவில்லை. பூசாரி பார்த்தார், பம்பைக்காரர்கள் பார்த்தார்கள். புதுக் கம்பி அப்படித்தான் இருக்கும் என்று நான் எவ்வளவு சுலபமாகச் சொன்னேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்கத்தில் செத்துவிடலாம் போல இருந்தது.

ஓரமாக நின்றிருந்த ஏழுமலை சேற்றில் இறங்கி வந்தான். கட்டு அவிழ்த்திருந்த இடது கையால் என் தோளைப் பிடித்தான். அப்போது என் மீது கரண்ட் பாய்ந்தால் அவன் மீதும் பாயும்.

"ம், புடி" என்றான் ஏழுமலை.

மைக்கைப் பிடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. சொல்தா கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணி, போதும் என்றார். நான் கம்பியை விட்டேன், மைக்கை விட்டேன். ஏழுமலை தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.